புத்தகம் பிடித்தவள்

கல்யாணமாகி மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் என் கணவர் என் கையில் வேதாகமத்தைக் கொடுத்தார். என்னை வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். "முதலாம் சங்கீதத்தைத் தொறந்து வச்சிக்க. நான் சொல்லிக்கினே வரேன். ஒரு எழுத்து தப்பினாலும் நிறுத்து" என்றார். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையில் ஊதுகுழல், மடியில் புத்தகம். அவர் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். முதல் நாளே இரண்டு இடத்தில் நிறுத்தினேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "நல்லா கவனிக்கிறியே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருஷம் புத்தகத்தைப் பிடித்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

அவர் போதகர். ஊரின் ஓரத்தில் ஓடு போட்ட சின்னச் சபை ஒன்று. அதோடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் இறங்கி நடந்து போகவேண்டிய ஒரு குக்கிராமத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். இரண்டும் அவர் பொறுப்பு. வேதாகமப் பள்ளியில் படிக்கும்போதே அவருக்கு ஓர் எண்ணம் பதிந்துவிட்டது. உயிருக்குப் போராடுகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மூக்குக்கண்ணாடியையும் பக்கத்தையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது; வசனம் உள்ளே இருக்கவேண்டும்; கூப்பிட்டதும் வரவேண்டும். அதனால் வாரத்துக்கு ஓர் அதிகாரம் மனப்பாடம் செய்வார். நீளமானதாக இருந்தால் இரண்டு வாரம், மூன்று வாரம். காலையில் நான் இட்லி ஊற்றும் நேரம்தான் அவர் ஒப்புவிக்கும் நேரம். இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பால் கொடுத்துக்கொண்டே புத்தகத்தைப் பிடித்திருக்கிறேன்.

நான் மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததே இல்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கிணற்றடியில் துணி அலசும்போது என் வாய் எதையோ முணுமுணுக்கிறது என்று கவனித்தேன். ரோமர் எட்டாம் அதிகாரம். நிறுத்தாமல் கடைசிவரை போயிற்று. கையிலிருந்த துணியைப் பிழியாமலே நின்றுகொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவரிடம் சொன்னேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுப் போனார். அவ்வளவுதான்.

என் பொறாமை எந்த நாளில் பிறந்தது என்று என்னால் சொல்ல முடியும். சின்னசேலத்தில் சுற்றுவட்டாரத்து ஊழியக்காரர்கள் எல்லாரும் கூடிய ஒரு கூட்டம். அதில் வசனப் போட்டி வைத்தார்கள். மத்தேயு சுவிசேஷத்தில் மலைப்பிரசங்கம், மூன்று அதிகாரமும் பார்க்காமல் சொல்லவேண்டும். ஆண்கள் பந்தலுக்குள் இருந்தார்கள். ஊழியக்காரர்களின் சம்சாரங்கள் நாங்கள் பந்தலுக்கு வெளியே காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். என் கணவர் முறை வந்தபோது நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தலின் ஓரமாக வந்துவிட்டேன். இரண்டாவது அதிகாரத்தில், கவலைப்படவேண்டாம் என்று வருகிற பகுதியில், ஆகாயத்துப் பறவைகளை முடித்ததும் நேராகக் காட்டுப் பூக்களுக்குத் தாவப்போனார். நடுவில், கவலைப்பட்டு எவனும் தன் உயரத்தில் ஒரு முழத்தைக் கூட்ட முடியாது என்று ஒரு வசனம் இருக்கிறது. அவர் வாய் திறந்தபடி நின்றது. நான் வாளியோடு நின்றபடியே "முழம்" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. உதடு அசைந்த அளவுதான். அவர் என்னைப் பார்த்தாரா, காற்றில் வந்து விழுந்ததா, தெரியாது. முழத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். முதல் பரிசு அவருக்குத்தான். தோல் அட்டை போட்ட, பெரிய எழுத்து வேதாகமம்.

மேடையில் நின்று நன்றி சொன்னார். ஆண்டவருக்கு, தன்னைப் படிக்கவைத்த ஆசிரியர்களுக்கு, தன் தகப்பனாருக்கு. நான் காத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் முடிந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு போதகரின் சம்சாரம் என் தோளைத் தொட்டு, "இன்னா ஞாபகம் உங்க ஐயாவுக்கு! நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். நான் சிரித்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். சாம்பாரை ஊற்றும்போது ஓர் இலையிலும் சரியாக விழவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன். "முழம்னு நான் சொன்னது கேட்டுச்சிங்களா?"

"எந்த முழம்?"

"நீங்க நின்னுட்டீங்களே, அந்த எடத்துல."

"நின்னேனா? ஒரு மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான்" என்றார்.

அன்றிலிருந்து அவரைப் பிரசங்க மேடையில் பார்ப்பது எனக்குச் சிரமமாகிவிட்டது. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் என் மனம் ஓடும். ஒரு வார்த்தை முன்னதாகவே போய் நின்றுகொண்டு அவருக்காகக் காத்திருக்கும். சபை முடிந்ததும் ஜனங்கள் அவர் கையைப் பிடிப்பார்கள். "பொஸ்தகத்தையே பாக்கலியே ஐயா" என்பார்கள். என்னிடம் வந்து, "ஐயாவுக்கு வெண்டைக்காய் ஜாஸ்தி போடுங்க, மூளைக்கு நல்லது" என்பார்கள். வெண்டைக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அவர் ஒருநாள் கேட்டதற்கு, சந்தையில் முற்றலாக இருக்கிறது என்று சொன்னேன்.

மலையில் சபை கூடுவது ஒரு பெரியவரின் வீட்டு முற்றத்தில். அந்த ஊரில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவர் அவர்தான். படிப்பில்லை. சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மனிதர். அந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் கோளாறு வந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்த என் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்: "பெரியவரு ஒண்ணு கேட்டுட்டாரு. அவர அடக்கம் பண்ணும்போது உயிர்த்தெழுதல் அதிகாரத்த முழுசா சொல்லணுமாம். பொஸ்தகம் இல்லாம. 'பொஸ்தகத்து ரேகையப் பாத்து சொன்னா அது காயிதத்தோட பேச்சு, உன் வாயால சொல்லு'ங்குறாரு. சரின்னு கையில அடிச்சிக் குடுத்துட்டேன்."

முதலாம் கொரிந்தியர் பதினைந்தாம் அதிகாரம். ஐம்பத்தெட்டு வசனம். மூன்று மாதம் அதோடு கிடந்தோம். நடுவில் கீழ்ப்படுத்துவது, கீழ்ப்படுவது என்று ஒரே வார்த்தை திரும்பித் திரும்பி வந்து முடிச்சுப் போடும் ஓர் இடம் உண்டு. தினமும் அங்கேதான் இடறினார். தினமும் அங்கேதான் நான் நிறுத்தினேன். விதையைப் பற்றிய பகுதி வந்துவிட்டால் தண்ணீர் போல ஓடுவார். அந்த நேரத்தில் நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அங்கே அவருக்கு நான் வேண்டாம்.

அப்புறம்தான் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் எல்லா ரோட்டையும் மறிப்பது என்று ஒரு சாதிச் சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். அது தொடங்குவதற்கு முந்தின நாள், ஊழியக்காரர் கூட்டம் என்று என் கணவர் சின்னசேலம் போய் ரயிலேறி சேலம் போனார். "மறியல்னா ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு எழுந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பால் வண்டிகூட இல்லை. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்றார்கள். எங்கேயோ குடிசைகள் எரிந்தன என்றார்கள். எது உண்மை, எது வதந்தி என்று தெரியாமல் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில், பெரியவரின் மகனும் மருமகளும் வாசலில் வந்து நின்றார்கள். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். முந்தின நாள் மத்தியானமே மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறார்கள். இருவருக்கும் கால் புழுதியேறி வெளுத்திருந்தது.

"அப்பாரு தவறிட்டாரும்மா. ஐயா இல்லீங்களா?"

"சேலத்துல மாட்டிக்கினாரு. ரோடு தொறந்தாதான் வருவாரு."

அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு பொழுதுக்குள்ள எடுத்தாவணும். அதுக்கு மேல வச்சிருக்க முடியாது. ஐயா வந்து சொல்லுவாருன்னு சொல்லிக்கினேதான் உசுரு போச்சி."

"நான் வரேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அந்த அதிகாரம் எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

பிள்ளைகளை இரண்டு வீடு தள்ளியிருந்த பாய் வீட்டு அக்காவிடம் விட்டேன். துணிக்கடைக்காரர் சம்சாரம். "இந்தக் கலவரத்துல எங்க போற? ஐயா வந்து என்னயக் கேட்டா இன்னா சொல்றது?" என்று கையைப் பிடித்தாள். சாவு என்றதும் விட்டுவிட்டாள்.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். பரிசு வாங்கிய வேதாகமம் மேஜைமேல் இருந்தது. கையை நீட்டினேன், பிறகு எடுக்காமலே கதவைப் பூட்டினேன். பெரியவர் அப்படித்தான் கேட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், புத்தகம் இல்லாமல் நான் நிற்பதை ஜனங்கள் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

வடக்கனந்தல் வரைக்கும் நாலைந்து இடத்தில் மரம் கிடந்தது. கிளைகளுக்குள் நுழைந்தும், அடிமரத்தில் ஏறிக் குதித்தும் போனோம். ஓரிடத்தில் பத்துப் பதினைந்து ஆட்கள் அடிமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மகனையும் மருமகளையும் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எங்க போறீங்க?" என்றார் ஒருவர்.

"சாவுக்குங்க. மலைக்கு" என்றேன்.

"யாரு செத்தது?"

"எங்க பெரியவருங்க" என்றேன். அவர் எழுந்து அரிவாளால் ஒரு கிளையைத் தறித்து, இழுத்துப் போட்டு, நாங்கள் போக வழி விட்டார். "பாத்துப் போங்கம்மா, முள்ளு" என்றார்.

நடந்துகொண்டே அதிகாரத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நடுநடுவே ஒரு ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு திறக்கக் கூடாது ஆண்டவரே. இன்றைக்கு மட்டும் திறக்கக் கூடாது. ஊரே பயந்து கிடக்கிறது, ஆட்கள் செத்தார்கள் என்கிறார்கள், ஒரு வீட்டில் பிணம் கிடக்கிறது. நான் என் கணவர் வந்துவிடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டு மலை ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது மூச்சு முட்டியது. ஆனாலும் அவர்கள் இருவருக்கும் முன்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழி தயாராக இருந்தது. பெரியவரின் மனைவி முற்றத்தில், உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஐயாவைத் தேடினார்.

குழிக்குப் பக்கத்தில் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். குரல் நன்றாக வந்தது. அத்தனை காலம் முணுமுணுத்த வார்த்தைகள் முதல்முறையாக வெளியே வந்து மரங்கள்வரை போயின. கீழ்ப்படுத்துகிற அந்த முடிச்சான இடம் வந்தது. ஓர் எழுத்து தவறாமல் தாண்டினேன். எனக்கு உள்ளே ஒரு துள்ளல். இந்த இடத்தில் அவர் விழுந்திருப்பார் என்று நினைத்தேன். அடக்கத்தில் நின்றுகொண்டு அப்படித்தான் நினைத்தேன்.

விதை வந்தது. செத்தால் ஒழிய முளைக்காது என்பது வந்தது. வெறும் விதைமணி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அவர் தண்ணீர் போல ஓடுகிற இடம். நான் தோசை திருப்பிய இடம். அவர் தவறுகிற இடமெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தவறாத இடத்தில் நான் கேட்டதே இல்லை. கை தானாக இடுப்புப் பக்கம் போனது, புத்தகத்தைத் தேடி. ஜனங்கள் முதலில் தலை குனிந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு மாடு கத்தியது.

"மனுசன், மிருகம், மீனு, பறவை. அது வரணும்மா" என்றார் ஒருவர். பெரியவரின் மனைவி. அழுத குரலிலேயே, ஆனால் தெளிவாகச் சொன்னார். "அப்பறம் சூரியன், சந்திரன், நட்சத்திரம்."

பிடித்துக்கொண்டேன். கடைசிவரை சொல்லி முடித்தேன். மண் போட்டார்கள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அந்தம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"ஐயா வரும்போதெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் காட்டுவாரே. எத்தினி தரம் கேட்டிருக்கோம்! கீழ்ப்படுத்தி கீழ்ப்படுத்தின்னு வர்ற எடம் ஒண்ணுல அப்படியே நின்னுடுவாரு. 'எங்க வூட்ல இருந்தா சட்டுனு எடுத்துக் குடுப்பா. அவ இல்லாம எனக்கு வாயே இல்ல'ம்பாரு. இவரு சிரிப்பாரு."

அது கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. சின்னசேலத்து மேடையில் சொல்லாததை இந்த மலையில், எனக்குக் கேட்காத இடத்தில் சொல்லியிருக்கிறார். அதோடு, ஒன்பது வருஷமாக அவர் ஒப்புவிப்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். தோசைக்கு எழுந்திருக்காமல் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். கணவனைப் புதைத்த அன்று, அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் கீழே வந்தேன். அதற்கு மறுநாள் அவர் வந்தார். கிடைத்த சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் சின்னசேலம் வரை வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. செய்தியைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொன்னது?"

"நான்தான். முழுசா. பொஸ்தகம் இல்லாம."

நின்றுபோனதைச் சொல்லவில்லை. "அது நான் குடுத்த வாக்கு" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களுக்கு ஆறுதலா இருந்துச்சா?"

"இருந்துச்சின்னு சொன்னாங்க" என்றேன். என் குரலிலிருந்த பெருமை எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை அடுப்பு பற்றவைத்துவிட்டு மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கரும்புத் தோட்டத்து வரப்புக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. குரல் மட்டும் கரும்புக்குள்ளிருந்து துண்டு துண்டாகக் கேட்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மலைக்குப் போய்வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் உப்பு, புளி, பிள்ளைகள் என்பதைத் தவிரப் பேச்சே கம்மியாகிவிட்டது. இட்லி மட்டும் நேரத்துக்கு வெந்தது.

ஒரு மாதம் இப்படிப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நின்றுவிட்டார். எனக்கு அடுத்த வார்த்தை தெரியும். நாக்கின் நுனியில் இருந்தது. அவர் பெண்கள் பக்கம் திரும்பி நேராக என்னைப் பார்த்தார். இந்தமுறை சந்தேகமே இல்லை; என்னைத்தான் பார்த்தார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பாயின் கோரையைப் பார்த்தேன். ஒரு குழந்தை இருமியது. அவர் மேடைமேல் இருந்த வேதாகமத்தைத் திறந்து, பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். பெரிய எழுத்துதான், ஆனாலும் இடம் சட்டென்று கிடைக்கவில்லை. கிடைத்தபோது குரல் அவர் குரலாகவே இல்லை.

எனக்குக் கிடைத்த சந்தோஷம் சபையிலிருந்து வீடு வரைகூட வரவில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிதுங்க. வேணும்னுதான் சொல்லல."

"பாத்தேன்" என்றார், திரும்பாமலே.

"பொறாமைங்க. ரொம்ப நாளா. நான் புடிச்ச பொஸ்தகம், நான் திருத்தின வசனம். பேரு மட்டும் உங்களுக்கு. மலைக்குப் போனப்போ நீங்க வந்துடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணேன். அங்க போயி பாதியில நின்னேன். அந்தம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க. அதையும் உங்ககிட்ட மறைச்சேன்."

அவர் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ நின்னது எனக்குத் தெரியும். போன தரம் போனப்பவே அந்தம்மா சொல்லிட்டாங்க. சொல்லிட்டு, 'அடுத்த வாட்டி அம்மாவ இட்டுக்கினு வாங்க, அவங்க சொன்னா வயித்துக்குள்ள போவுது'ன்னாங்க. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. பத்து வருஷமா அந்த மலைய ஏறி எறங்கறேன். ஒருத்தர்கூட என்னய அப்படிச் சொன்னதில்ல. அதான் கரும்புக்குள்ள போயி ஒளிஞ்சிக்கினேன்."

"சின்னசேலத்துல நான் முழம்னு சொன்னது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"கேட்டுச்சி" என்றார். "பஸ்ல நீ கேட்டப்பவே ஒத்துக்கினு இருக்கணும். வாய் வரல."

அன்று மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். சண்டை முடிந்தது என்றோ, மன்னித்தோம் என்றோ யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை புத்தகம் என் மடிக்கு வந்தது. வியாழக்கிழமை அதை நான் அவர் மடியில் வைத்தேன். "இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க புடிங்க" என்றேன். அவருக்கு அது பழக்கமில்லை. தோசை கருகியது. இரண்டு இடத்தில் என்னை நிறுத்தினார். ஒரு இடத்தில் அவர் பார்த்த வரியே தப்பு.

அடுத்த மாதத்திலிருந்து மலைக்கு நானும் போனேன். அங்கே பெண்களுக்கு வாய்வழியாக அதிகாரங்களைச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. பெரியவரின் மனைவி ஒருமுறை கேட்டால் போதும், பிடித்துவிடுவார். நான் வாரக்கணக்கில் உருப்போட்டதை அவர் சாமை புடைத்துக்கொண்டே திருப்பிச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு தடவையும் எரியும். "எரியுதா?" என்று என் கணவர் இறங்கி வரும் வழியில் கேட்பார். "எரியுது" என்பேன். நடந்துகொண்டே இருவரும் சிரிப்போம். ஆனால் அது சும்மா சிரிப்பு இல்லை. இரண்டு பேருக்கும் உள்ளே கொஞ்சம் வலிக்கும்.

அதற்கெல்லாம் பிறகு, கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நான் போகத் தொடங்கினேன். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவருக்கு அங்கே வழியில்லை. ஒருநாள் சாயங்காலம், குழந்தை செத்துப் பிறந்த ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எந்த ஊர், எந்த மதம், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏதாச்சும் சொல்லட்டாம்மா?" என்றேன். சரி என்று தலையை அசைத்தாள். கருவிலேயே ஆண்டவர் நம்மைக் காண்கிறார் என்று வரும் நூற்று முப்பத்தொன்பதாம் சங்கீதத்தைச் சொன்னேன். மெதுவாக, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. முடித்ததும், "மறுபடியும்" என்றாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அவள் கை தளரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார் அவர். நடந்ததை யாரிடமும் சொல்லவேண்டும் போல இருக்கவில்லை. "பஸ் லேட்டுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.